டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் ஃபுஜி மலை: கைடுடன் போகும் பஸ் டூர் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானுக்கு ஒரு வாரம் போகிறவர்கள் பலரும் ஃபுஜிக்கு ஒதுக்குவது ஒரே ஒரு நாள். அந்த நாளை எந்தத் தேதியில் வைப்பது, எந்த டூரில் பணம் கட்டுவது, என்ன எடுத்துப்போவது, மலை தெரியாவிட்டால் என்ன செய்வது என்பவைதான் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகின்றன. பதில்கள் கீழே. கட்டணங்கள் மாறக்கூடியவை, பதிவு செய்யும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிட முடியுமா?

முடியும். மலை டோக்கியோவுக்குத் தென்மேற்கே சுமார் 100 கி.மீ. தூரத்தில், யமனாஷி, ஷிசுவோகா என்ற இரண்டு மாகாணங்களின் எல்லையில் நிற்கிறது. உயரம் 3,776 மீட்டர். சாலை காலியாக இருந்தால் டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியிலிருந்து, மலையடியில் உள்ள கவாகுச்சிகோ ஏரிக்கு 1 மணி 45 நிமிடம். டூர் பஸ்கள் 7.30க்கும் 8.30க்கும் நடுவில் கிளம்பி, மாலை 6 அல்லது 7 மணிக்குத் திரும்புவதாக அட்டவணையில் போட்டிருப்பார்கள்.

போகும் நேரத்தை நம்பலாம், திரும்பும் நேரத்தை நம்ப வேண்டாம். சனி, ஞாயிறு மாலையில் சுவோ விரைவுச்சாலையில் கொபோதோகே சுரங்கப்பாதைக்கு முன்னால் வாகனங்கள் தேங்கிவிடும். ஜப்பானியப் போக்குவரத்துச் செய்திகளில் தவறாமல் அடிபடும் இடம் அது. ஒன்று, ஒன்றரை மணி நேரம் தாமதமாவது அங்கே சாதாரணம். அன்றிரவே விமானம், ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில், முன்பதிவு செய்த இரவு உணவு என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வார நாளில் போக முடிந்தால் பாதித் தொல்லை குறையும்.

மலை கட்டாயம் தெரியுமா?

தெரியாமலும் போகலாம். எந்த டூர் நிறுவனமும் அதற்கு உறுதி தராது; தெரியவில்லை என்பதற்காகப் பணமும் திரும்பி வராது. நீங்கள் வாங்குவது பஸ்ஸில் ஓர் இருக்கையும் நாலைந்து இடங்களில் இறங்கும் வாய்ப்பும்தான். இது புரியாமல் போகிறவர்கள்தான் "மலையையே பார்க்கவில்லை" என்று ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு வருகிறார்கள்.

ஃபுஜி தனிமலை. சுற்றிலும் அதற்கு ஈடான உயரம் எதுவும் கிடையாது. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று நேரே அதன்மேல் மோதி மேலேறும், குளிரும், மேகமாகும். காலை வெயில் சரிவுகளைச் சூடாக்கத் தொடங்கியதும் இது வேகம் பிடிக்கும். வெயில் காலத்தில் 7 மணிக்குப் பளிச்சென்று தெரிந்த மலை 10, 11 மணிக்கெல்லாம் இடுப்புவரை மூடிக்கொள்வதும், சாயங்காலம் மறுபடி தலைகாட்டுவதும் வழக்கம். உங்கள் பஸ் ஏரிக்கரைக்கு வந்து சேருவதோ 10 மணிக்கு.

செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, தேதியைக் கடைசிவரை தள்ளிப்போட்டு, இரண்டு நாள் முன்பு வானிலை பார்த்து முடிவு செய்வது. கட்டணமில்லாமல் எத்தனை நாள் முன்புவரை ரத்து செய்யலாம் என்று விதிமுறையில் பார்த்துவிட்டே பதிவு செய்யுங்கள். முதல் நாள் வரை அனுமதிக்கும் டூர்களும் உண்டு, மூன்று நான்கு நாளுக்கு முன்பே கதவைச் சாத்திவிடும் டூர்களும் உண்டு. பயணத்தின் முதல் பாதியில் ஒரு நாளை வைத்துக்கொண்டால், தேவைப்பட்டால் பின்னால் நகர்த்த இடமிருக்கும். கடைசி நாளில் வைத்தால் அதற்கும் வழியில்லை. இரண்டு, நேரலைக் கேமரா. கவாகுச்சிகோ, யமனகாகோ ஏரிகளைச் சுற்றி மலையைப் பார்த்தபடி பல கேமராக்கள் இயங்குகின்றன. மூன்று நாள் தொடர்ந்து காலை 7, 10, மதியம் 1 மணிக்குப் பார்த்தால் அந்த வாரத்தின் போக்கு பிடிபடும். டோக்கியோவில் வெயில் அடிப்பதை வைத்து மலையைக் கணக்குப் போடாதீர்கள்.

உச்சியில் மட்டும் தட்டுப்போல ஒரு மேகம் கவிழ்ந்திருந்தால் அதற்குக் 'கசகுமோ', அதாவது குடைமேகம் என்று பெயர். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உள்ளூர்க்காரர்களுக்கு அது மழைக்கு அறிகுறி. அடுத்து வரும் மணி நேரங்களில் மூடிவிடலாம். கையில் கேமரா இருந்தால் அப்போதே எடுத்துவிடுங்கள்.

அப்படியானால் எந்த மாதம் போவது நல்லது?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஆசியக் கண்டத்திலிருந்து வீசும் வடமேற்குக் காற்று தன் ஈரத்தையெல்லாம் ஜப்பான் கடல் பக்கத்திலேயே பனியாகக் கொட்டிவிட்டு, மலைத்தொடரைத் தாண்டும்போது உலர்ந்த காற்றாக வருகிறது. அதனால் பசிபிக் பக்கம் வானம் துடைத்துவைத்தது போலிருக்கும். குளிர் கடுமைதான், ஏரிக்கரை 830 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காலையில் பூஜ்யத்துக்குக் கீழே போகும்.

மிக மோசம் ஜூன், ஜூலை. ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை நடுப்பகுதிவரை மழைக்காலம். ஆகஸ்ட்டில் வெயில் இருந்தாலும் புழுக்கமும் மேகமும் உடன் வரும். செப்டம்பர் புயல் காலம். நம்மூர்ப் பள்ளிகளின் கோடை விடுமுறையை நம்பிப் போகிறவர்களுக்கு ஏப்ரல் கடைசியும் மே மாதமும் பரவாயில்லை. ஆனால் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம்வரை 'கோல்டன் வீக்' என்ற தொடர் விடுமுறை. ஊரே சாலையில் இருக்கும். அந்த வாரத்தைத் தவிருங்கள்.

பூக்களுக்காகப் போவதென்றால்: இங்கே செர்ரி மலர்கள் டோக்கியோவைவிட ஒரு வாரத்துக்கு மேல் பிந்தி, ஏப்ரல் முதல் பாதியில் பூக்கும். கவாகுச்சிகோ ஏரிக்கரையின் ஒயிஷி பூங்காவில் லாவெண்டர் ஜூன் இறுதியிலிருந்து ஜூலை நடுவரை, கொச்சியா என்ற செம்பந்துச் செடிகள் அக்டோபரில். கவாகுச்சிகோவின் மேப்பிள் மரங்கள் நவம்பர் முதல் பாதியில் சிவக்கும். ஒரே மாதம் சொல்லச் சொன்னால், நவம்பர். இலையும் உண்டு, மலை தெரியும் வாய்ப்பும் நன்று, குளிரும் தாங்கும்.

படங்களில் வரும் வெள்ளைத் தொப்பி எப்போதும் இருக்குமா?

இருக்காது. ஜூலை முதல் செப்டம்பர் வரை பார்த்தால் பழுப்பும் கருஞ்சிவப்புமாக வெறும் எரிமலைச் சாம்பல் மேடு. முதல் பனி வழக்கமாக அக்டோபர் தொடக்கத்தில் விழும். 2024இல் நவம்பர் 7 வரை விழவில்லை, 130 ஆண்டுப் பதிவுகளில் அதுவே மிகத் தாமதம். நல்ல கனமான தொப்பி வேண்டுமென்றால் டிசம்பரிலிருந்து மே நடுப்பகுதிவரை.

'ஐந்தாம் நிலையம்' என்று போட்டிருக்கிறதே, அது என்ன? அங்கே போகும் டூரைத்தான் எடுக்க வேண்டுமா?

மலையின் அடியிலிருந்து உச்சிவரையான வழியைப் பழைய காலத்திலேயே பத்துப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஐந்தாவதுவரை வாகனம் போகும். வடக்குப் பக்கம் 1964இல் திறந்த ஃபுஜி சுபாரு லைன் என்ற கட்டணச் சாலை 2,305 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடுகிறது. ஊட்டி நகரம் இருப்பது ஏறத்தாழ இதே உயரத்தில்தான். மேலே கொமிதாகே என்ற சிறு கோயில், நினைவுப்பொருள் கடைகள், சாப்பாட்டுக் கூடம், குதிரைச் சவாரி.

பலரும் ஏமாறுவது இங்கேதான். ஐந்தாம் நிலையத்திலிருந்து ஃபுஜியின் அந்தப் புகழ்பெற்ற கூம்பு தெரியாது. நீங்கள் நிற்பதே அதன்மேல்தானே. அண்ணாந்தால் கரடுமுரடான சரிவின் ஒரு துண்டு தெரியும். கீழே பார்த்தால் சில நாட்களில் மேகக்கடல். அது நல்ல காட்சி, மறுப்பதற்கில்லை. ஆனால் ஏறி இறங்க மட்டும் ஒன்றரை மணி நேரம்வரை போய்விடுகிறது. முதல்முறை போகிறவர்கள், மலையைப் 'பார்க்க' விரும்புகிறவர்கள், அந்த நேரத்தை ஏரிக்கரையில் செலவிடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. "மலையில் கால் வைத்தேன்" என்று சொல்லிக்கொள்ள வேண்டுமென்றால் தாராளமாகப் போங்கள்.

குளிர்காலத்தில் இந்தச் சாலை பனியால் அடிக்கடி மூடப்படும். சில நாள் பாதிவழிவரை மட்டும் திறந்திருக்கும். அன்று காலை 9 மணிக்குத்தான் கைடுக்கே தெரியவரும். மூடியிருந்தால் மாற்று இடம் ஒன்றுக்குக் கூட்டிப்போவார்கள், கட்டணத்தில் எதுவும் திரும்பி வராது. விதிமுறையில் 'சாலை நிலைமையைப் பொறுத்து' என்ற வரி எங்காவது இருக்கும்.

டூரில் உச்சிக்கு ஏற முடியுமா?

முடியாது. ஏறுவது தனிக்கதை: யமனாஷி பக்கம் ஜூலை 1 முதல் செப்டம்பர் 10 வரை மட்டும், 2025 முதல் ஆளுக்கு 4,000 யென் கட்டணம், வழியில் குடிலில் ஓர் இரவு. ஒருநாள் டூர் என்பது பார்த்துவிட்டு வரும் டூர்.

கவாகுச்சிகோ வழியா, ஹகோனே வழியா?

டூர்கள் பொதுவாக இந்த இரண்டு வகை. முதல் வகை மலையின் வடக்கே உள்ள ஐந்து ஏரிகள் பகுதி: கவாகுச்சி, யமனகா, சாய், ஷோஜி, மோத்தோசு. பழைய 1,000 யென் நோட்டின் பின்பக்கத்தில் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் ஃபுஜி, மோத்தோசு ஏரியில் பார்ப்பதுதான். மலை இங்கே வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். இரண்டாவது வகை காலையில் ஃபுஜி பக்கம் ஓர் இடம், மதியம் ஹகோனே: ஆஷி ஏரியில் படகு, ரோப்வே, கந்தகப் புகை வரும் ஓவாகுதானியில் கருப்பு முட்டை. ஹகோனேயிலிருந்து ஃபுஜி தூரத்தில், முன்மலைகளுக்கு மேலே எட்டிப்பார்க்கும்.

மலைதான் குறி என்றால் கவாகுச்சிகோ. மேகமூட்டமான நாளில் மாட்டிக்கொண்டால் ஹகோனேயில் பொழுதுபோக்க வேறு விஷயங்கள் உண்டு. மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு இரண்டாவதே பாதுகாப்பான தேர்வு.

வடக்கிலிருந்து பார்க்கும்போது மலை உங்களுக்குத் தெற்கே இருக்கிறது. அதனால் நண்பகலில், அதிலும் குளிர்காலத்தில், சூரியன் மலைக்குப் பின்புறமாக நின்று முகத்தில் அடிக்கும். மலை சாம்பல் நிறத்தில் தட்டையாகத் தெரியும். காலையில் எடுக்கும் படத்தில் சரிவின் மடிப்புகள் தெரியும். அதனால் ஏரிக்கரையோ சுரெய்தோ பகோடா என்ற சிவப்புக் கோபுரமோ முதல் நிறுத்தமாக உள்ள டூரை எடுங்கள். ஷாப்பிங் மாலும் சாப்பாடும் மதியத்துக்குப் போகட்டும்.

நூற்றுக்கணக்கில் டூர்கள் இருக்கின்றனவே, எப்படித் தேர்ந்தெடுப்பது?

சாதாரணமாக ஆளுக்கு 7,000 முதல் 15,000 யென் வரை வரும். விலையைவிட நிறுத்தங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். பத்து மணி நேர டூரில் டோக்கியோ போக வர நாலு மணி நேரம். இடத்துக்கு இடம் போக இன்னும் ஒன்றரை மணி. மிச்சம் நாலரை மணி நேரத்தை ஆறு இடத்துக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றிலும் 45 நிமிடம்தான்; அதில் பஸ் நிறுத்துமிடத்திலிருந்து நடப்பதும் கழிவறை வரிசையும் அடக்கம். மூன்று அல்லது நான்கு இடம் போதும். 'ஏழு இடங்கள்' என்று கூவி விற்பதை வாங்காதீர்கள்.

அடுத்து, மதிய உணவு கட்டணத்தில் சேர்ந்ததா, ரோப்வே, படகு டிக்கெட் சேர்ந்ததா, குறைந்தபட்ச ஆட்கள் சேராவிட்டால் எத்தனை நாள் முன்பு சொல்வார்கள், கைடு எந்த மொழியில் பேசுவார் என்று பாருங்கள். ஆங்கிலம், சீனம் இரண்டிலும் மாறிமாறிப் பேசும் கைடு என்றால் நீங்கள் கேட்பது பாதிதான். 2018 முதல் அரசு உரிமம் இல்லாதவர்களும் கட்டணம் வாங்கிக்கொண்டு வழிகாட்டலாம் என்று சட்டம் மாறிவிட்டது. அதனால் 'கைடு' என்ற சொல்லை மட்டும் வைத்து எடைபோட முடியாது. மிக மலிவான டூர்களில் அவர் வேலை தலையை எண்ணுவதும் நேரம் சொல்வதும்தான்.

குடும்பமாகத் தனி வேன் எடுக்கிறவர்கள் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். ஜப்பானில் வாடகைக்கு ஆள் ஏற்ற அனுமதி பெற்ற வண்டிக்குப் பச்சை பிளேட். வெள்ளை பிளேட் வண்டியில் ஓட்டுநரோடு வந்து காசு கேட்டால் அது அனுமதியில்லாத வண்டி. விபத்து நேர்ந்தால் காப்பீடு உங்களுக்குக் கிடைப்பது சந்தேகம்.

காலையில் பஸ்ஸைப் பிடிப்பது எப்படி? ஷின்ஜுகுவில் தொலைந்துபோவோமா?

தொலைந்துபோக வாய்ப்பு அதிகம். ஷின்ஜுகு ஸ்டேஷனுக்கு 200க்கு மேல் வாசல்கள். மேற்கு வாசல் என்று போட்டிருந்தால் கிழக்கு வாசலில் ஏறி வெளியே வந்து சுற்றிப்போகலாம் என்று நினைக்காதீர்கள், 15 நிமிடம் போய்விடும். முதல் நாள் மாலையே ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது. கூடுமிடம் சாலையோரம் என்றால் பஸ் அங்கே சில நிமிடங்களுக்கு மேல் நிற்க அனுமதி இல்லை. 8.00 என்றால் 7.40க்கு அங்கே இருங்கள். தாமதமானால் காத்திருக்க மாட்டார்கள், பணமும் வராது.

ஏறும் முன் சாப்பாடு வாங்க நினைத்தால் அதற்கும் 15 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் அசல் பையில் இருக்கட்டும். சுற்றுலா விசாவில் வந்தவர்கள் அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது ஜப்பானியச் சட்டம். நகல் போதாது.

நிறுத்தங்களில் நேரம் தவறினால் என்ன ஆகும்?

பஸ் போய்விடும். மிரட்டலுக்குச் சொல்லவில்லை. ஓட்டுநரின் வேலை நேரத்துக்குச் சட்ட வரம்பு இருக்கிறது, அடுத்த இடத்தில் நிறுத்துமிடம் நேரம் குறித்து ஒதுக்கப்பட்டிருக்கிறது. பத்து நிமிடம் காத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் சொந்தச் செலவில் டோக்கியோ திரும்ப வேண்டும். இறங்கும்போது மூன்று விஷயம்: கைடு சொன்ன நேரத்தைக் கைப்பேசியில் அலாரமாக வையுங்கள், பஸ்ஸின் முன்கண்ணாடியில் உள்ள எண்ணையும் நம்பர் பிளேட்டையும் படமெடுங்கள், ஏனென்றால் திரும்பி வரும்போது ஒரே நிறத்தில் முப்பது பஸ் நிற்கும், கைடின் தொடர்பு எண்ணை அல்லது குழு அரட்டையைத் திறந்து வையுங்கள். இணையம் இல்லாத கைப்பேசியோடு தனியாகப் பிரிந்து போகாதீர்கள்.

சுரெய்தோ பகோடாவுக்கு எத்தனை படி? அம்மா அப்பாவால் ஏற முடியுமா?

398 படிகள். ஐந்தடுக்குச் சிவப்புக் கோபுரமும் பின்னால் ஃபுஜியும் ஒரே சட்டத்தில் வரும் அந்தப் படம் இங்கே எடுப்பதுதான். இடத்தின் பெயர் அரகுராயமா செங்கென் பூங்கா. கோபுரம் பழங்காலத்துக் கோயில் என்று நினைப்பவர்கள் உண்டு. போரில் இறந்தவர்களின் நினைவாக 1963இல் கட்டியது. படம் எடுக்கும் மேடை கோபுரத்துக்கும் மேலே, பின்பக்கம் இருக்கிறது. கோபுரத்தடியில் நின்று "எங்கே அந்தக் காட்சி" என்று திரும்பி வந்தவர்களும் உண்டு.

மூட்டுவலி உள்ளவர்கள் படிக்கட்டை விட்டுப் பக்கத்தில் வளைந்து போகும் சரிவுப்பாதையில் ஏறலாம், நேரம் கூடும். நிதானமாக ஏற 20 நிமிடம், இறங்க 10. டூர் 60 நிமிடம் கொடுத்தால் சரியாக இருக்கும், 40 என்றால் ஓட்டம். செர்ரி பூக்கும் நாட்களில் மேடைக்கே நீண்ட வரிசை நிற்கும். அந்த வாரம் இந்த நிறுத்தத்தை நம்பி டூர் எடுக்காதீர்கள்.

ஒஷினோ ஹக்கை பார்க்கத் தகுந்ததா?

எட்டுக் குளங்கள். ஃபுஜியில் உருகும் பனிநீர் எரிமலைப் பாறை அடுக்குகளுக்குள் ஆண்டுக்கணக்கில் கசிந்து இங்கே ஊற்றாக வருகிறது. அடித்தரை தெரியும் தெளிவு. கூட்டம் மொய்க்கும் நடுக்குளம், கடைகளுக்கு நடுவே ஆழ்ந்த நீலத்தில் இருப்பது, அந்த எட்டில் ஒன்றல்ல. பின்னால் செயற்கையாக வெட்டியது. இதைச் சொல்லும் கைடு நல்ல கைடு. உண்மையான ஊற்றைப் பார்க்க அருகிலிருக்கும் வகுயிகே என்ற குளத்துக்குப் போங்கள். மணலைக் கிளப்பிக்கொண்டு தண்ணீர் மேலே வருவது கண்ணுக்குத் தெரியும். நாணயம் எறியாதீர்கள். 40 நிமிடம் போதும். கடைத்தெரு என்று சலித்துக்கொள்பவர்கள் சலித்துக்கொள்வதில் நியாயம் உண்டு.

சைவம் மட்டும் சாப்பிடுவோம். என்ன செய்வது?

கையில் கொண்டுபோங்கள். இதற்கு மேல் நல்ல பதில் இல்லை.

இந்தப் பகுதியின் பெயர்போன உணவு ஹோத்தோ: தட்டையான தடித்த நூடுல்ஸ், பூசணி, காய்கறி எல்லாம் மிசோ என்ற புளித்த சோயா விழுது கரைத்த குழம்பில் கொதிக்கும். பார்த்தால் சுத்தச் சைவம். ஆனால் குழம்பின் அடிப்படை 'தாஷி' என்ற சாறு. அது உலர்ந்த மீனை ஊறவைத்து எடுப்பது. சட்டியில் மீன்துண்டு கிடக்காததால் பரிமாறுபவரும் "இறைச்சி இல்லை" என்றே சொல்வார், பொய் சொல்லவில்லை. யோஷிதா ஊதோன் என்ற இன்னொரு நூடுல்ஸில் குதிரை இறைச்சி போடுவது வழக்கம். சோயா சாஸ் தொட்டுக்கொள்ளும் பல உணவுகளின் சாஸிலும் தாஷி கலந்திருக்கும். மதிய உணவு சேர்ந்த டூரில் 'சைவம்' என்று குறிப்பிட்டால் பெரும்பாலும் வருவது இறைச்சி எடுத்த தட்டுதான். தாஷியும் கூடாது என்றால் பதிவின்போதே எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். நேரில் சொல்ல: "நிகு தோ சகானா வா தபேராரேமசென், தாஷி மோ தமே தெசு". இறைச்சியும் மீனும் சாப்பிட முடியாது, தாஷியும் ஆகாது என்று அர்த்தம்.

காலையில் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் வாங்கத் தகுந்தவை: உப்பு மட்டும் போட்ட சோற்றுருண்டை, உமெபோஷி என்ற புளிப்பு ஊறுகாய் வைத்த சோற்றுருண்டை (சிலவற்றில் சோற்றிலேயே சுவையூட்டி கலந்திருப்பார்கள், மொழிபெயர்ப்புச் செயலியில் லேபிளைப் படம்பிடித்துப் பாருங்கள்), வாழைப்பழம், வறுத்த பருப்புகள், சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு. உப்புச் சோற்றுருண்டையோடு வீட்டுப் பருப்புப்பொடி ஒரு சின்ன டப்பாவில் இருந்தால் மதியம் முடிந்தது. இனிப்புக்கு, மாவுருண்டையில் வறுத்த சோயா மாவும் கரும்புப் பாகும் போடும் ஷிங்கென் மோச்சி யமனாஷியின் சிறப்பு. யமனாஷி திராட்சைக்கும் பீச்சுக்கும் பேர்போன மாகாணம். கோடையில் வழியோரக் கடைகளில் கிடைப்பதை விடாதீர்கள். பஸ்ஸுக்குள் மணம் வீசும் சாப்பாட்டைத் திறப்பது அங்கே மரியாதைக் குறைவு, பொடி டப்பாவை ஏரிக்கரையில் திறங்கள்.

கழிவறை, குப்பை, காசு?

டூர் பஸ்களில் பெரும்பாலும் கழிவறை இருக்காது. போகும் வழியில் ஒரு சேவை மையத்தில் 15 நிமிடம் நிறுத்துவார்கள், தேவையோ இல்லையோ போய்விட்டு வாருங்கள். மலைமேல் கழிவறைக்குக் காசு போடும் பெட்டி இருக்கும். 100 யென் நாணயம் நாலைந்து தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பொதுக் குப்பைத்தொட்டி கண்ணில் படுவது அரிது. ஒரு பை எடுத்துப்போய் டோக்கியோவரை சுமந்து வர வேண்டியதுதான். சிறு கடைகளில் அட்டை எடுக்காத இடம் உண்டு, ஆளுக்கு 5,000 யென் ரொக்கம் போதும்.

என்ன உடை?

100 மீட்டர் ஏற ஏற சுமார் 0.6 டிகிரி குறையும். அந்தக் கணக்கில் ஐந்தாம் நிலையம் டோக்கியோவைவிட 14 டிகிரி குளிர். காற்று வீசினால் இன்னும் அதிகமாகத் தோன்றும். ஆகஸ்ட்டில் டோக்கியோ 34 என்றால் மேலே 20. டி-ஷர்ட்டோடு இறங்கியவர்கள் கடையில் ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு நிற்பதைத் தினமும் பார்க்கலாம். ஏப்ரலில் அங்கே பனி இருக்கும். குளிர்காலத்தில் உள்ளே ஒரு வெப்ப உடை, நடுவில் கம்பளி, வெளியே காற்றுப்புகா ஜாக்கெட், கையுறை. செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ.

கைக்குழந்தையோடு, வயதானவர்களோடு போகலாமா?

ஏரிக்கரை டூருக்குப் போகலாம். மடியில் வைக்கும் குழந்தைக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும் பதிவில் பெயர் சேர்க்க வேண்டும், இருக்கை எண்ணிக்கைக்கு அது தேவை. சுபாரு லைனில் வளைவுகள் தொடர்ந்து வரும், வாந்தி வருபவர்களை முன்வரிசையில் உட்காரவையுங்கள், மாத்திரையை ஏறுவதற்கு அரைமணி முன்பே கொடுங்கள். காது அடைத்தால் குழந்தைக்குப் பால் அல்லது தண்ணீர் குடிக்கக் கொடுத்தால் திறக்கும். இதயம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் ஐந்தாம் நிலையத்துக்குப் போகுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். சக்கர நாற்காலி என்றால் பதிவுக்கு முன்பே கேளுங்கள். தூக்குவசதி உள்ள பஸ் குறைவு.

டூர் இல்லாமல் நாமே போனால் மலிவா?

மலிவுதான். ஷின்ஜுகு விரைவுப் பஸ் நிலையத்திலிருந்து கவாகுச்சிகோவுக்கு ஒருவழி 2,200 யென் அளவில். 'ஃபுஜி எக்ஸ்கர்ஷன்' ரயில் சுமார் இரண்டு மணி நேரம், முழுதும் முன்பதிவு. வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஜேஆர் ரயில் பாஸ் வழியிலுள்ள ஓத்சுகி ஸ்டேஷன் வரைதான் செல்லும், அதன்பின் தனிக்கட்டணம். கவாகுச்சிகோவில் சிவப்பு, பச்சை, நீலத் தடங்களில் சுற்றுலாப் பஸ்கள் ஏரிகளைச் சுற்றுகின்றன.

குறை என்னவென்றால் அந்தப் பஸ்களில் கூட்டம். நிரம்பிவிட்டால் அடுத்ததற்கு நிற்க வேண்டும். திரும்பும் பஸ்ஸில் இடம் சில நாள் முன்பே தீர்ந்துவிடும். இரண்டு பேர், நடக்கத் தெம்பு, வானிலை பார்த்து முதல் பஸ் பிடிக்கும் எண்ணம் இருந்தால் தனியாகப் போவதே மேல். 8.30க்கெல்லாம் ஏரிக்கரையில் நிற்கலாம், எந்த டூரும் அதைத் தராது. பெரியவர்கள், குழந்தைகள் என்று நாலைந்து பேர் என்றால் டூர்.

படம் எடுக்கத் தடை ஏதும் உண்டா?

2024 மே மாதம் ஃபுஜிகவாகுச்சிகோ ஊரில் ஒரு கன்வீனியன்ஸ் ஸ்டோருக்கு எதிரே 2.5 மீட்டர் உயரம், 20 மீட்டர் நீளத்துக்குக் கருப்பு வலைத்திரை கட்டினார்கள். கடையின் கூரைமேல் மலை உட்கார்ந்திருப்பது போன்ற படத்துக்காக ஆட்கள் சாலையின் குறுக்கே பாய்ந்ததும், பக்கத்துக் கட்டடத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் ஏறியதும், குப்பை போட்டதும்தான் காரணம். ஆகஸ்ட்டில் எடுத்துவிட்டார்கள். பக்கத்து ஊரான ஃபுஜியோஷிதாவின் ஹோன்சோ தெருவிலும் இதே கதை. நடுச்சாலையில் நின்று எடுப்பவர்களைக் காவலர்கள் விசிலடித்து ஒதுக்குகிறார்கள். பச்சை விளக்கில் கடக்கும்போது நடந்தபடி எடுங்கள், நின்றுவிடாதீர்கள். வீட்டு வாசல்களில் உட்காராதீர்கள்.

போன நாள் முழுக்க மேகம். வேறு எங்கிருந்தாவது பார்க்க முடியுமா?

கியோட்டோ, ஒசாகா போகும் திட்டம் இருந்தால் ஷின்கான்சென்னில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. டோக்கியோவிலிருந்து போகும்போது வலதுபக்கம், சாதாரணப் பெட்டியில் 'ஈ' வரிசை ஜன்னல் இருக்கை. கிளம்பி 40, 45 நிமிடத்தில், ஷின்-ஃபுஜி ஸ்டேஷனையொட்டி வரும். அதைத் தாண்டியதும் ஃபுஜி ஆற்றுப் பாலத்தில் மறைப்பில்லாமல் சில நொடிகள். கேமராவை முன்பே கையில் வைத்திருங்கள். காலை ரயில் நல்லது. திரும்பி வரும்போது அதே 'ஈ' இருக்கை இடதுபக்கமாகிவிடும், மலையும் இடதுபக்கம்தான்.

டோக்கியோவிலேயே என்றால் ஷின்ஜுகுவில் மாநகர அரசுக் கட்டடத்தின் 45ஆம் மாடி, 202 மீட்டர் உயரம், அனுமதி இலவசம். டிசம்பர், ஜனவரியில் காலை திறந்ததும் போனால் மேற்கே கட்டடங்களுக்கு அப்பால் மலை தெரியும். மாலையில் சூரியன் விழும் நேரத்தில் கருநிழலாகத் தெரியும், அதுவும் மோசமில்லை. கண்ணாடியில் உள்விளக்கு பிரதிபலிக்கும். கைப்பேசியை ஒட்டவைத்து எடுங்கள்.